உட்கார்ந்த இடத்தில் ஓட்டம்

தம்பானூரில் ஏறிய கரமனை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி. கணவர் உட்கார்ந்ததும் மாமியிடம் சொன்னதைக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஓட விட்டுப் பாக்காமலே எனக்கு தம் போறாதுன்னு எழுதிட்டார், கேட்டியா."

"ஆபீஸுக்கு வந்த டாக்டரா?"

"ஆமாம். வயசு, எடை, வாரத்துல எத்தனை நாள் நடப்பேள்னு கேட்டு ஒரு ஃபாரத்துல எழுதிண்டார். சும்மா உக்காத்தி வச்சு நாடி பிடிச்சார். அதை வச்சே கணக்குப் போட்டுடலாமாம்."

"உங்க செக்‌ஷன் சங்கரனுக்கு?"

"அவன்தான் ஃபர்ஸ்ட்! ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே எடை. காலம்பற சேர்ந்துதான் நடக்கறோம். நாடி மட்டும் அவனுக்கு அறுபத்தாறு, எனக்குத் தொண்ணூறு!"

"யாருக்கு முதல்ல பாத்தார்?"

"அவனுக்குத்தான். முதுகுல தட்டி 'மிடுக்கன்', கெட்டிக்காரன்னு வேற சொன்னார். அடுத்தது நான்."

கிள்ளிப்பாலத்தில் பஸ் நின்றது. மாமி அவர் மணிக்கட்டைப் பிடித்து, தன் வாட்ச்சைப் பார்த்து எண்ணினாள்.

"எழுபத்திரண்டு. நன்னாத்தானே இருக்கு."

"பாத்தியா! அந்த டாக்டருக்கு எண்ணவே தெரியலை."

மாமி கையை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அதோ, சங்கரன் போறார் பாருங்கோ, புது ஸ்கூட்டர்ல."

"புதுசா? எப்போ வாங்கினான்? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

நானும் எட்டிப் பார்த்தேன். வெளியே ஸ்கூட்டர் எதுவும் இல்லை. மாமி மறுபடி வாட்ச்சைப் பார்த்து நாடியை எண்ணிவிட்டுச் சொன்னாள்:

"தொண்ணூறு. உங்களை எதுக்கு ஓட விட்டுப் பாக்கணும்? உக்காந்த எடத்துலயே ஓடறேளே."