மேடையில் கட்ட வேண்டிய புடவை

ஷேர் ஆட்டோவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் வண்டியில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“எங்க வீட்டுக்காரரு புடவை கட்டுனதுக்கு மெட்ராஸ்ல அவார்டு தராங்க சுமதி.”

“அவரு ஏன்க்கா புடவை கட்றாரு?”

“பட்டுக் கடையில சேல்ஸ்மேன் இல்ல? தன் தோள்ல போட்டுத்தான் முந்தானை காட்டுவாரு. கல்யாணப் புடவை எடுக்க வந்த பையன் ஒருத்தன் அதை செல்லுல வீடியோ புடிச்சி நெட்ல போட்டுட்டான். ஊரே பார்த்துக்கினு இருக்குது. அந்த மாதிரி வீடியோ போடறவங்களுக்கு வருஷா வருஷம் விழா எடுக்கறாங்களாம். இந்த வாட்டி அந்தப் பையனுக்கு.”

“அப்ப அவார்டு பையனுக்குத்தானே. இவருக்கு இன்னா வேலை?”

“மேடையில நின்னு ஒரு புடவைய முழுசா கட்டிக் காட்டணுமாம். இவரும் சரின்னுட்டாரு.”

“கட்டட்டுமே. தினமும் கட்றதுதானே?”

“எங்க கட்றாரு? கடையில இடுப்புக்குக் கீழ டேபிள் மறைச்சிடும். இத்தினி வருஷத்துல கொசுவம்னு ஒண்ணு வச்சதே இல்ல. நேத்து என் புடவைய எடுத்துக் கட்டிப் பார்த்தாரு. ரெண்டடி நடந்தாரு, மொத்தமும் அவுந்து கால்ல கெடக்குது.”

சுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “இப்ப இன்னாதான் பண்ணப் போறாரு?”

“காலையில விழா நடத்தறவங்களுக்கு போன் போட்டாரு. மேடையிலயும் ஒரு டேபிள் போட்டுடுங்கன்னாரு.”