பெட்டியில் குறையில்லை

ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் ஆகாது; ஊறிப் பருத்துவிடும். விளக்கெண்ணெய்தான் சரி, அதுவும் விரல்நுனியில் மினுங்குகிற அளவு போதும். இன்ஸ்பெக்டர் அய்யா அவர்களே, தாங்கள் பெட்டியைப் பற்றி எழுதியிருப்பதால் நானும் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

திருத்தங்கலில் நல்லசிவம் முதலாளியின் அச்சகத்தில் பதினோரு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். 1965-ம் வருடக் காலண்டருக்குக் கடலடிப் படம் வேண்டும் என்று நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்தது. தண்ணீருக்குள் கேமரா நனையாமல் இருக்க, பித்தளைத் தகட்டில் நான் ஒரு பெட்டி செய்தேன். முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் மூடி, இடையில் ரப்பர் வளையம், இறுக்குவதற்கு எட்டு நட்டு. உள்ளே காற்று இருப்பதால் வெறும் பெட்டி மிதக்கும். அதற்காகத் தேய்ந்த அச்செழுத்து ஈயத்தை உருக்கி அடியில் பொருத்தினேன். காற்று தூக்கும், ஈயம் இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரி. இதைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கருத்தப்பாண்டி மல்லாங்கிணற்றில் கிணறு தூர்வாருகிறவன். வெகுநேரம் மூச்சடக்கி முங்குவான் என்று முதலாளி அவனை வைத்தார். அவருடைய தோட்டத்துக் கிணற்றில்தான் சோதனை. முதல் தடவை பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. நான் நான்கு நாள் கண்ணாடி ஓரத்தையே மாற்றி மாற்றி ஒட்டினேன். அவன் கேமராவை வெளியே எடுத்துவிட்டு, மூலைக்கு மூலை மையொற்றும் தாளை வைத்து மூடி, முக்கி எடுத்தான். வெளியிலிருந்து கேமராப் பொத்தானை அழுத்துகிற கம்பி நுழையும் துளைக்குக் கீழே இருந்த தாள் மட்டும் நனைந்திருந்தது.

"அண்ணே, ஓட்டை அங்கன இருக்கு. நீங்க இங்கன தடவிக்கிட்டு இருக்கீகளே" என்றான்.

முதலாளி சிரித்துவிட்டார். "ஏலே, பதினோரு வருச மெக்கானிக்க ஒரு தாள வச்சு மடக்கிட்டியேலே."

அந்தத் துளைக்கும் ரப்பர் போட்டேன், கசிவு நின்றது. அச்சகத்தில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. மூச்சு சிலிண்டர் பழக அவனைப் பம்பாய்க்கு அனுப்பப் போவதாகவும், இனிமேல் பெட்டியையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் முதலாளி பிறகு சொன்னார். நான் செய்த பெட்டி, அய்யா.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வளையத்தில் ஒரு முடி கிடந்தாலும் தண்ணீர் ஏறும். அதனால் பெட்டியைத் திறக்கும்போது தலையில் துண்டு கட்டச் சொல்வேன். "ஒரு முடிக்கு அம்புட்டுப் பயமாண்ணே?" என்று சிரிப்பான், கட்டமாட்டான்.

தை மாதம் கடைசிச் சோதனை. அவன் தோளில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அதை எடுத்து, வளையத்தின் மேல் குறுக்கே வைத்து மூடினேன். ஒரு முடியால் படம்தான் கெடும், ஆள் சாகமாட்டான். அது, பிறகு திறந்து பார்க்கிறவர்கள் அவன் கவனக்குறைவு என்று நினைப்பதற்காக வைத்தது. அடிப்பக்கத்து நட்டுகள் மூன்றைப் பாதித் திருகில் நிறுத்தினேன். பெட்டியை அவன் மணிக்கட்டோடு கட்டுவதும் என் வேலை. வழக்கமாக இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போடுவேன். அன்று வேறு போட்டேன். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும்.

"மீனு இல்லாட்டித் தவளையவாச்சும் பிடிச்சிட்டு வாரேன் முதலாளி" என்று சொல்லி இறங்கினான்.

நாற்பதடித் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் குமிழிகள் வந்தன.

"என்னப்பா, இம்புட்டுக் குமிழி வருது?" என்றார் முதலாளி.

"பெட்டியில இருக்கிற காத்துதான் முதலாளி" என்றேன். பொய் சொல்லவில்லை. காற்று போனபின் பெட்டியில் மிச்சம் ஈயம்தான்.

குமிழி நின்றதும் முதலாளி ஆள் கூப்பிட ஓடினார். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். படியில் உட்கார்ந்திருந்தேன்.

வந்த ஆட்கள் முங்கி, கயிற்றை அறுத்து அவன் உடலையும் பெட்டியையும் மேலே கொண்டுவந்தவுடன், யாரும் கவனிக்காதபோது அந்த மூன்று நட்டுகளையும் இறுக்கிவிட்டேன். ஆனால் தங்கள் ஏட்டு மூடியைத் திறந்ததும் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டார். முடியும் அதோடு போயிற்று. "பெட்டி செய்ததில் உள்ள குறையால் விபத்து" என்று தங்கள் அறிக்கை சொல்கிறது.

குறையில்லை, அய்யா. எட்டு நட்டுகளையும் முழுக்கத் திருகி, உள்ளே மூலைக்கு மூலை தாள் வைத்து முக்கிப் பாருங்கள். ஒரு சொட்டு ஏறாது. அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட வேண்டுகிறேன். மற்றபடி, நான் சொன்னபடி அவன் தலையில் துண்டு கட்டியிருந்தால் எனக்கு அந்த முடி கிடைத்தே இருக்காது.