வேலியில்லாத குளம்

மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள், ஐயா, பெரும்பாலும் தங்கள் கண்ணிமை முடியையே பார்த்துவிட்டுப் பூச்சி என்று கத்துவார்கள். நான் அதட்டமாட்டேன். உத்திரமேரூரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், ஏலவார்குழலி டீச்சர் குரலை உயர்த்தியதில்லை என்று.

அந்த மீன் நோயைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒற்றைச் செல் உயிர். உடல் முழுக்க இமைமயிர் போன்ற நுண்ணிழைகள். அவற்றைத் துடுப்பாக அசைத்து நீந்தும். மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று கொழுக்கும். மேலே உப்புக்கல் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளி தெரியும். பிறகு உதிர்ந்து, குளத்தடியில் ஓடு கட்டிக்கொண்டு, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிந்து அடுத்த மீனைத் தேடிக் கிளம்பும். நீந்தும்போது மட்டும்தான் மருந்து அதைக் கொல்லும். தோலுக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் இருப்பதை எட்டாது. அதனால் மருந்தைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும்.

சாலவாக்கத்தில் இராமச்சந்திரனின் பண்ணைக் குளத்தில் அதை விட்டது நான்தான். மார்கழிக் குளிரில் அது நன்றாகப் பரவும். வண்ண மீன் கடையில் புள்ளி விழுந்த மீன்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன்.

அதே குளத்தில்தான் என் மகள் அபிநயா செத்தாள். பஸ்ஸை விட்டிறங்கிக் குறுக்கு வழியில் வந்தவள், வேலியில்லாத கரையில் சறுக்கிவிட்டாள். "மீன் திருட வந்த பொண்ணு சார். நான் இன்னா பண்றது?" என்றார் இராமச்சந்திரன், விசாரிக்க வந்த போலீஸிடம், பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே. குதித்து அவளைத் தூக்கிவந்தது அவர் மகன் ஸ்ரீராம்குமார். நல்ல பையன். அழுதான்.

அதற்குப் பிறகும் அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வந்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். புள்ளி கண்டதும் என்னிடமே ஓடிவந்தார்.

"மீனெல்லாம் கரையில ஒரசிக்கினு கீது டீச்சர். இன்னா பண்ணட்டும்?"

"மருந்து ஒரு தரம் போட்டா போதும்," என்றேன்.

மொத்தமும் செத்து மிதந்தன. பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். கரண்ட் போயிருந்தது. தண்ணீரில் காற்றடிக்கும் மோட்டார் ஓடவில்லை. ஸ்ரீராம்குமார் வலையோடு இறங்கத் தயாரானான்.

"வயர் பேஜாரா கீதுடா, சுவிட்ச ஆஃப் பண்ணாம எறங்காத," என்றார் இராமச்சந்திரன்.

சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். "டீச்சர், ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான்.

"பண்ணிட்டேன்பா, எறங்கு," என்றேன்.

கரண்ட் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும் என்று தெரியும். நின்றேன். வந்தது.

விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மகனைத் தூக்க இராமச்சந்திரன் தண்ணீரை நோக்கி ஓடினார். அவர் கால் நனைவதற்குள் நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கவேண்டுமே, ஐயா.