கதவுக்கு வெளிய கேக்கணும்

இல்லம்மா, நான் கிண்டல் பண்ணல. சத்தம் வரணும்னுதான் சொன்னேன். லேப்டாப் கட்டையத் தட்டுனா டக்டக்னு கேக்கணும். நீ என்னடான்னா சத்தமே வராது சார், சத்தமே வராது சார்னு அதையே பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்க. காலையிலேர்ந்து இது மூணாவது கடை. முதல் கடையில ஒருத்தன் மூஞ்சிக்கு நேராச் சிரிச்சான். ரெண்டாவது கடையில, காது டாக்டர் ரெண்டு கட்டடம் தள்ளி இருக்காரு சார்ங்கறான். கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன். பொண்ணு பக்கத்துல நின்னதால பேசாம வந்துட்டேன். அதோ, உங்க கண்ணாடிக்காரத் தம்பியும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கறாரு. சிரிக்கறதா இருந்தா நல்லா வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லு.

ஆமா, எனக்கில்ல, பொண்ணுக்கு. அந்தக் கோடியில ஹெட்போன மாட்டிக்கிட்டுத் தலைய ஆட்டிக்கிட்டிருக்காளே, அவதான். திங்கக்கிழமை ஆறாங்கிளாஸ் போறா. பெரிய ஸ்கூல், பெரிய பிள்ளைங்க, எல்லார் கையிலயும் லேப்டாப் இருக்கணுமாம். ஒரு தாள் குடுத்திருக்காங்க, இந்தா, நீயே படி. ஏழாவது வரியப் பாரு. விசைப்பலகை ஓசை குறைவானதாக இருத்தல் நலம். ஏன் நலம்னு போய்க் கேட்டேன். நாப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல தட்டுனா டீச்சர் பேசறது கேக்காது சார்னு சொல்றாங்க அந்த ஆபீஸ் அம்மா. கேக்கலன்னா டீச்சர் தொண்டையத் திறந்து பேசட்டும்! ஸ்கூல்ல அந்தப் பொட்டி இருக்கப் போறது ஆறு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் எங்க வீட்டுல, சாத்தின கதவுக்குப் பின்னாடி இருக்கப் போகுது. இந்தத் தாள எழுதினவங்க யாராவது எங்க வீட்டுல வந்து காவல் இருக்கப் போறாங்களா? சொல்லு.

இதுவா? இதத்தான் அவ ரோட்டுலேர்ந்தே பாத்து வச்சிருக்கா. ரோஸ் கலரு, விரல் தடிமன்கூட இல்ல. நல்லாத்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா இதுல தட்டறதுக்கு என்ன இருக்கு? மேசையத் தடவற மாதிரி இருக்கு. சரி, ஒண்ணு பண்ணு. நான் அந்த குடோன் ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கறேன். நீ இங்க நின்னு ஏதாவது தட்டு. உன் பேரத் தட்டு, உங்க முதலாளியத் திட்டித் தட்டு, என்ன வேணா தட்டு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத.

என்ன, ஆரம்பிச்சியா இல்லையா? முடிஞ்சே போச்சா! ரெண்டு பக்கம் அடிச்சியா? பாத்தியா. உள்ள ஒரு பொட்டுச் சத்தம் கேக்கல. நீ கடைய மூடிட்டு வீட்டுக்குப் போயிருந்தாக்கூட நான் உள்ள நின்னுக்கிட்டு, ஆகா, அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டிருப்பேன். இத எடுத்து உள்ள வை. அடுத்ததக் கொண்டா.

காது மந்தம்தான். அத மறைக்கல. அச்சாபீஸ்ல வேலை, நியூஸ் பேப்பர் அடிக்கிற மெஷின். இருபத்தாறு வருஷமா அது பக்கத்துல நிக்கறேன். அங்க ஒருத்தரக் கூப்பிடணும்னா பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, தோளத்தான் தட்டணும். அதனாலதான் சொல்றேன், உனக்குக் கேக்கற சத்தம் எனக்குப் பத்தாது. எனக்குக் கேக்கற மாதிரி வேணும்.

ராமும் வேண்டாம் ஜிபியும் வேண்டாம்மா, அந்தக் கதைய ஆரம்பிக்காத. எனக்கு ஒரு மச்சினன் இருக்கான், என் சம்சாரத்தோட தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அவன் வாயத் திறந்தா ஜிபிதான் கொட்டும். மூத்தவனுக்கு லேப்டாப் வாங்கறப்ப நான் கடைப்பக்கமே போகல. நீயே பாத்து வாங்கிக் குடுடான்னு அவன்கிட்ட சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டேன். இந்தத் தடவையும் வந்தான், நான் பாத்துக்கறேன் மாமான்னு. நீ பாத்துக்கிட்ட லட்சணம் போதும், வாசலப் பாத்துப் போடான்னுட்டேன். மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டான். அவன்மேல தப்பு இல்லதான். ஆனா யார்மேலயாவது கத்தணும்ல?

அண்ணனோட பழசா? அது எதுக்கு? இல்ல, அது சரிப்படாது. அது வீட்டுல இல்ல. விடும்மா, அடுத்ததக் காட்டு.

ஓ, இதுவே சத்தம் போடுமா? தட்டுனா ஸ்பீக்கர்ல டக்டக்னு வரும். எங்க காட்டு. ஆமா, வருது. நல்லாத்தான் வருது. இத நிறுத்தணும்னா? ஒரு பட்டன். அவ்வளவுதானே! ஒரு பட்டன அமுக்குனா தீந்துச்சு. எட்டு வயசுலயே என் போன்ல நான் வச்ச பூட்டத் திறந்தவ அவ. இத நிறுத்த அவளுக்கு அரை நிமிஷம் ஆகுமா? விரல் பட்டுச்சுன்னா சத்தம் வரணும், விரல் இல்லன்னா வரக்கூடாது. நடுவுல பட்டனும் கிட்டனும் இருக்கக்கூடாது. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?

தனிக் கீபோர்டா? குடு பாப்போம். அட! இதுல்ல கீபோர்டு! எங்க மெஷினுக்குத் தம்பி மாதிரி இருக்கு. இது கதவத் தாண்டிக் கேக்கும், தெருமுனை வரைக்கும் கேக்கும். ஆனா, வயர உருவிட்டா? ம். உருவிட்டு லேப்டாப்புலயே தட்டுவா. வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம்மா, நல்லா இருக்கறதும் எனக்கு உதவாமத்தான் போகுது.

எனக்கு ஒண்ணு புரியல. எல்லாக் கடையிலயும் சத்தம் இல்ல, சத்தம் இல்லன்னே விக்கறீங்களே, யாரு உங்ககிட்ட வந்து அழுதா? ஒரு வீட்டுல சத்தம் இருந்தா என்ன குறைஞ்சு போகும்? பிள்ளை பாத்திரத்த உருட்டட்டும், கதவ அறையட்டும், டக்டக்னு தட்டட்டும். இருக்குன்னு தெரியும்ல!

கத்தல. என் குரலே இதுதான். மெஷின் பக்கத்துல நின்னு நின்னு இப்படி ஆயிடுச்சு. சரி, கொஞ்சம் கத்தினேன். தண்ணி இருந்தா குடு.

பழைய மாடலா? குடோன்லயா? அத ஏன் முதல்லயே எடுக்கல? யாரும் கேக்க மாட்டாங்களா, நான் கேக்கறேன்ல. எடுத்துட்டு வா.

இது என்னம்மா, செங்கல் மாதிரி இருக்கு. தூக்கு, தூக்கு. ரெண்டரை கிலோவா? இருக்கட்டும். கட்டையெல்லாம் நல்லா எழும்பித் தெரியுதே. இரு, நான் உள்ள போறேன். ம், தட்டு. கேக்குது. வேகமாத் தட்டு. கேக்குது! இப்ப நிறுத்திட்ட. இப்ப ஒரே ஒரு கட்டையத் தட்டுன. இப்ப பெரிய கட்டை, அந்த நீளமானது. சரியா? எல்லாமே சரியா? அப்படிப்போடு! இதுதாம்மா. இதத்தான் காலையிலேர்ந்து நாய் மாதிரி அலைஞ்சு தேடறேன்.

அவளுக்குப் பிடிக்காதுதான். இப்பப் பாரு, இங்க பாத்துட்டா, மூஞ்சி எப்படிப் போகுது பாரு. பஸ்ல திரும்பிப் போறப்ப ஒரு வார்த்தை பேச மாட்டா. கிளாஸ்ல கிண்டல் பண்ணுவாங்களா? பண்ணுவாங்க. என்னையும் திட்டுவா. திட்டட்டும். உங்க அப்பாவுக்குக் கிறுக்குன்னு அவ ஃப்ரெண்டுங்க சொன்னா, ஆமாடி, கிறுக்குதான்னு சொல்லச் சொல்றேன். தோள் வலிச்சா ஸ்கூல் வாசல் வரைக்கும் நானே தூக்கிட்டுப் போறேன். ரோஸ் கலர் வேணும்னா மேல ரோஸ் கலர் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், இங்க்குக்கா பஞ்சம் எங்ககிட்ட. ஆனா கட்டை இதுதான். அவங்கம்மா வரல. வீட்டுல லேப்டாப்னு பேச்செடுத்தாலே எழுந்து மாடிக்குத் துணி எடுக்கப் போயிடுவா. பில்லப் போடு.

என்னம்மா பண்ற? என்ன அது, கட்டை மேல? கவரா? யாரு கேட்டா? ஃப்ரீயா இருந்தா என்ன? எடு. எடுன்னு சொல்றேன்ல, எடும்மா! தூசி போகட்டும். காபி கொட்டட்டும். நாளைக்கே கெட்டுப் போகட்டும், நான் வேற வாங்கித் தர்றேன். அத என் கண்ணுல காட்டாத, குப்பையில போடு.

பயந்துட்டியா. தப்பா எடுத்துக்காதம்மா. எல்லாருக்கும் குடுக்கறத எனக்கும் குடுத்த, நீ என்ன பண்ணுவ. மூத்தவனும் இதே ரப்பர் கவரைத்தான் மாட்டி வச்சிருந்தான். கடையில குடுத்தது இல்ல, அவனே போய் வாங்கினது. எனக்காக வாங்கினான். ராத்திரி முழுக்க மெஷின் சத்தத்துல நின்னுட்டு வந்து பகல்ல படுத்தா, பக்கத்து ரூம்லேர்ந்து, என் மந்தக் காதுக்கே கேக்கற மாதிரி டக்டக். நிறுத்துடாம்பேன். நிறுத்துவான், அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் டக்டக். ஒரு நாள் எழுந்து போயி, அந்தப் பொட்டியத் தூக்கித் தெருவுல வீசிடுவேன்னு கத்தினேன். மறுநாள் கவர மாட்டிக்கிட்டு வந்து, அப்பா, இப்பத் தட்டறேன், கேக்குதா பாருங்கன்னான். கேக்கல. இப்பத்தாண்டா நீ மனுஷன்னேன்.

வெளியூர்ல படிக்கறானா? இல்லம்மா. அப்ப அவனுக்குப் பதினாறு வயசு, பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தாங்க. ஒரு நாள் காலையில பத்து மணி வாக்குல, எதிர் வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க, அந்த லேப்டாப்பையும் ரெண்டு சட்டையையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிப் போயிட்டான். அவன் ரூம்லேர்ந்து வாசலுக்குப் போகணும்னா என் கட்டிலத் தாண்டித்தான் போகணும். சாயங்காலம் அவங்கம்மா வேலை முடிஞ்சு வந்து, எங்க அவன்னா. உள்ளதான் இருக்கான், படிக்கறான், தொந்தரவு பண்ணாதன்னேன். நானே என் வாயால சொன்னேன். ஏழு மணிக்குச் சாப்பிடக் கூப்பிடத்தான் கதவத் திறந்தா. ரெண்டு வருஷம் ஆகுது. போலீஸ்ல சொல்லியாச்சு, கூடப் படிச்சவங்க வீடெல்லாம் ஏறி இறங்கியாச்சு. ஏன் போனான்னு தெரியல. அவ்வளவு நாள் உக்காந்து என்ன தட்டிக்கிட்டிருந்தான்னும் எங்களுக்குத் தெரியல.

அவ வர்றா பாரு. அவளுக்கு முன்னாடி இதப் பேசிக்க மாட்டோம். பைய மட்டும் குடு, கவர் இல்லாம.

ஹெட்போன இன்னும் கழட்டல, அவளுக்குக் கேக்காது. நீ கேட்ட அதையேதான் அந்த இன்ஸ்பெக்டரும் கேட்டாரு, பட்டப்பகல்ல கட்டிலத் தாண்டிப் போயிருக்கான், உங்களுக்கு ஒரு சத்தம்கூடவா கேக்கலன்னு. கேக்கலம்மா. அன்னைக்குத்தான் நான் ரொம்ப நல்லாத் தூங்கினேன்.