தலைமாடு தாழ்ந்த ஒரு நிமிடம்: உடையப்பன் அண்ணனுக்கு அறுவைக்கூடத்தார் வாசித்த மடல்

ஈப்போ நகர மருத்துவமனை ஒன்றின் அறுவைக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்னின்றவரே! ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காட்டில் பிறந்து பச்சைத்துணிக் கூடத்தில் பழுத்தவரே! வலியோடு வந்தோரின் வாட்டம் தீர்த்த வல்லவரே! இன்று பணி ஓய்வு பெறும் மயக்கப் பிரிவின் மருத்துவ உதவியாளர், திருமிகு மாயாண்டி உடையப்பன் அவர்களே! வணக்கம்.

உங்கள் பொறுமையைப் பாடப் பொழுது போதாது. அறுவைக்கூடச் சாவியைக் காணோம் என்று ஊரையே திரட்டிவிட்டு, கடைசியில் உங்கள் சட்டைப்பையிலேயே கண்டெடுத்த பெருமையும் உங்களுக்கு உண்டு. அதைத் தேநீர் வேளைக்கு வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை, உங்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே, பெயர் சொல்லிக் கதையாகச் சொல்லப்போகிறோம். பொறுத்தருள்க.

சிலிம் ரிவர் ஊரில் வாழ்க்கைப்பட்ட ஷர்மினி, தலைப்பிரசவத்துக்கு ஈப்போ தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு குறையவே அவசர அறுவை. மயக்க மருத்துவர் கல்யாணசுந்தரி அவள் முதுகுத்தண்டில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார். அந்த மருந்து தண்டுநீரைவிடக் கனம். பள்ளம் கண்ட பக்கம் ஓடும். அளவு, ஆளின் உயரம், வயிற்றின் பாரம், மேசையின் சாய்வு எல்லாம் சேர்ந்துதான் அது எங்கே போய் நிற்கும் என்பதை முடிவு செய்யும். ஷர்மினி குள்ளம், நிறைமாதம். மருந்து கழுத்துவரை ஏறினால் மூச்சு நின்றுவிடும்.

“அண்ணே, தலைமாட்டக் கொஞ்சம் தூக்குங்க,” என்றார் டாக்டர்.

உடையப்பன் ரிமோட்டில் தலை உயர்த்தும் பட்டனை அழுத்தினார். காலையில் இடுப்பெலும்பு அறுவைக்காக மேசையைத் தலைகால் மாற்றிப் போட்டிருந்ததும், அதை யாரும் திருப்பி வைக்காததும் அவருக்குத் தெரியாது. மேசை தன் பழைய தலைப்பக்கத்தைத் தூக்கியது. அங்கே இருந்தவை ஷர்மினியின் கால்கள். அதே நொடியில் இரத்த அழுத்த மணி அடிக்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு நிமிடம் போனது.

“அண்ணே, விரலெல்லாம் மரத்துப் போவுது,” என்றாள் ஷர்மினி.

உடையப்பன் தன் இரண்டு விரல்களை அவள் கையில் கொடுத்தார். “இறுக்கிப் புடிம்மா.” பிடியில் பலமே இல்லை. குனிந்து பார்த்தார். தலை தாழ்ந்திருந்தது.

சத்தமில்லாமல் மறுபட்டனை அழுத்தியிருக்கலாம். பெண் குள்ளம், அதனால் மருந்து ஏறிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருப்போம். அந்த எண்ணம் தனக்கும் வந்தது என்று பிறகு அவரே சொன்னார். ஆனால் மேசையை நிமிர்த்திக்கொண்டே கூடம் அதிரக் கத்தினார்.

“டாக்டர், தலை இறங்கிருச்சு! நாந்தான் தப்பா அமுக்கினேன்! மருந்து மேல போவுது லா!”

அந்தக் குரல்தான் காத்தது. என்ன வரப்போகிறது என்று தெரிந்ததால், ஷர்மினியின் பேச்சு அடங்குவதற்குள் டாக்டரின் கையில் மூச்சுக்குழாய் தயாராக இருந்தது. அவளைத் தூங்க வைத்துக் குழாயைப் போட்டார். அழுத்தத்துக்கு மருந்தும் ஏறியது. பெண் குழந்தை பிறந்து அழுதது. தாய்க்காக இயந்திரம் மூச்சு விட்டது.

உடையப்பன் நேரே வெளியே போனார். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலைச் சட்டையோடு ஓடிவந்திருந்த கணவன் தீபன் அங்கே நின்றான்.

“தம்பி, பாப்பா நல்லாருக்கு. ஆனா மேசையத் தப்பா சாய்ச்சது நாந்தான். உன் சம்சாரத்துக்கு இப்ப மெசின்தான் மூச்சு விடுது.”

“பொழைச்சுக்குமா அண்ணே?”

“பொழைக்கும்னுதான் டாக்டர் சொல்றாங்க. கண்ணு முழிக்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

இரண்டு மணி நேரம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஷர்மினி கண் விழித்து, “பாப்பா எங்க?” என்று கேட்டாளாம். தீபன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். உடையப்பன் அதற்குப் பிறகுதான் எழுந்து, தன் பெயரிட்டு அறிக்கை எழுதப் போனார்.

அண்ணே! அந்த அறிக்கையால் உங்களுக்கு விசாரணை வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வராமல் போனது. கவனக்குறைவு என்று கோப்பில் எழுதினார்கள். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அதைத்தான் இன்று பேச வந்தோம்.

அதற்கு முந்தைய வாரம், அதே மேசை அதேபோல் திருப்பிக் கிடந்தபோது, எங்களில் இருவர் அதே பட்டனை அழுத்தினோம். தவறு உடனே கண்ணில் பட்டது, சத்தமில்லாமல் நிமிர்த்திவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று வாயை மூடிக்கொண்டோம். அன்றே சொல்லியிருந்தால் மேசையில் எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள்; ஷர்மினியும் நீங்களும் தப்பியிருப்பீர்கள். விசாரணையிலாவது சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டோம். வெட்கமாக இருக்கிறது, அண்ணே.

இன்று காலை இதை எழுதிக் கையெழுத்திட்டு மருத்துவமனை இயக்குநரிடம் கொடுத்துவிட்டோம். உங்கள் கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்.

நோயின்றி, நூறாண்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து வாழுங்கள்! மன்னிப்பது உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
அறுவைக்கூட ஊழியர் அனைவர் சார்பிலும்,
பட்டனை அழுத்திய இருவர்:
தாதி நவமணி
மருத்துவ உதவியாளர் சுகுமாரன்