எந்த ஊர் என்று சொல்லாத குரலுக்கு

அச்சம் பரவிய நாளில் அறிவு பரப்பிய அன்னையே! வானொலியில் வாய் திறந்தால் வாயாடிகளையும் வாயடைக்க வைத்த வல்லமையே! தீவெங்கும் தெரிந்த குரலே! சுகாதாரக் கல்வி அலுவலராய் முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெருமைக்குரிய அல்ஃபோன்சின் வால்மோன் அம்மையீர்! வணக்கம்.

தாங்கள் பேசியவற்றை எல்லாம் எழுதினால் இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது. ஆகவே தாங்கள் பேச மறுத்த ஒன்றைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம்.

கொள்ளைநோய் நம் கரையேறிய மாதம் அது. ஐம்பது வயது ஆண், வடக்குப் பக்கம் என்றாலே போதும்; ஆளின் பெயரும், அவர் தாயார் பெயரும், நேற்று இரவு அவர் வீட்டில் என்ன சமையல் என்பதும் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்துவிடும் தீவு இது. முதல் நோயாளி ஒருவர் என்று மட்டும் அறிவித்தீர்கள். ஊர்ப்பெயரையாவது சொல் என்று மேலிடம் நெருக்கியது. அவரோடு பழகியவர்களை மருத்துவர்கள் கண்டுபிடித்தாயிற்று, இனிப் பெயர் வெளியானால் அந்த வீட்டின்மேல் கல்தான் விழும், அடுத்துக் காய்ச்சல் கண்டவர் கட்டிலடியில் ஒளிந்துகொள்வார் என்று வாதாடினீர்கள். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றீர்கள்.

நண்பகலில் வானொலியின் அன்றாட மரண அறிவிப்புகள் முடிந்ததும் தங்கள் நிகழ்ச்சி. ஊரே ரேடியோவை விட்டு எழாத நேரம் என்று தாங்களே கேட்டு வாங்கிய நேரம். பெல் ஆன்ஸ் ஊர் மீனவர் ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

“மிஸ் அல்ஃபோன்சின், சும்மா சுத்தி வளைக்காதீங்க. அந்த ஆளு எந்த ஊரு?”

“உங்க ஊருன்னே வச்சுக்கங்க. போய்க் கையக் கழுவுங்க.”

அடுத்துக் கேட்ட மோர்ன் வேர் ஊர்க் கடைக்காரம்மாவுக்கும் அதே பதில். மூன்றாம் நாளுக்குள் ஒவ்வோர் ஊரும் தன் ஊர்தான் என்று முடிவுகட்டி, டொமினோ ஆடும் மேசைகளை மடக்கியது. ரம் கடை வாசலில் வாளியும் சோப்பும் வந்தன. காய்ச்சல் கண்டவர்கள் பட்டப்பகலில் பரிசோதனைக்கு வந்தார்கள். இந்த அம்மா வாயிலிருந்து பெயர் போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இம்மடலை எழுத நாங்கள் கூடியபோது, தங்கள் வண்டியை இத்தனை காலம் ஓட்டிய எவரிஸ்ட் லபோர்ட் எழுந்தார். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த நாள்களில் அவரைக் காணோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

“அந்த மொத ஆளு நான்தான்” என்றார். “தனிமை நாள் முடிஞ்சதும் எம் பசங்க நிம்மதியா கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வந்தாங்கன்னா, அது இவங்களாலதான். இதையும் எழுதுங்க.”

இத்தனை ஆண்டுகள் எங்களிடம்கூட மூச்சு விடவில்லையே, தாயே! முதலில் உரிமையோடு கோபித்துக்கொண்டோம். பிறகு, தாங்கள் இல்லாத அந்த அறையில் எழுந்து நின்று கை தட்டினோம்.

மூட்டுவலி அண்டாமல், முற்றத்துச் சீமைப்பலா முறியக் காய்த்து, நண்பகலில் யாரும் எழுப்பாத நல்லுறக்கம் வாய்த்து, நெடுங்காலம் நலமோடும் நகைப்போடும் வாழ்க!

தங்கள் சொல்லை நம்பியும் மௌனத்தில் பிழைத்தும் வந்த
சுகாதாரக் கல்விப் பிரிவு ஊழியர்கள்

முதல் கையொப்பம், அவரே கேட்டு வாங்கிய இடத்தில்:
எவரிஸ்ட் லபோர்ட்,
வாகன ஓட்டுநர், தீவின் முதல் நோயாளி.