ஆறு மணிக்கு, இரண்டு வீட்டிலும்

ரிஷப்: அனைவரும் கவனிக்கவும்! இன்று மாலை சரியாக ஆறு மணிக்கு, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஏககாலத்தில், இரு குடும்பங்களின் தலையெழுத்தையே மாற்றப்போகும் மாபெரும் அறிவிப்பு...

கலைமதி: போன்ல எதுக்கு ரிஷப் மேடை போடுற? நீ உங்கப்பாகிட்ட சொல்லணும். நான் எங்கப்பாகிட்ட சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு. அவ்ளோதான்.

ரிஷப்: அவ்ளோதானா? கலை, இது ஒரு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம். ரெண்டு ஊரு, ரெண்டு வீடு, வீடு நெறைய ஆக்டர்...

கலைமதி: எங்கப்பாவ ஆக்டர்னு சொல்லாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? அவரு நடிக்க மாட்டாரு. நெஜமாவே அடிப்பாரு.

ரிஷப்: ஐயோ, நம்ம எம்.எஸ்சி. க்ளாஸ்ல நடத்துனாங்களே... ஆக்டர்னா தனி ஆளு. அது மனசுல இன்னா இருக்குன்னு இன்னொரு ஆக்டர் எட்டிப் பாக்க முடியாது. மெசேஜ் மட்டும்தான் அனுப்பலாம். அது லேட்டாப் போவும், போவாமலும் போவும், போச்சான்னே தெரியாமலும் போவும்.

கலைமதி: இதுக்கு எதுக்கு க்ளாஸு? எங்க வீட்ல ஒரு நாள் தங்கிப் பாரு.

ரிஷப்: தங்காமலே பாத்துட்டேன். உங்க வீடு, எங்க வீடு, எல்லாரையும் ஆக்டரா எழுதி ஒரு வாரமா லேப்டாப்ல ஓட்டிக்கினு இருக்கேன்.

கலைமதி: ஓட்டி?

ரிஷப்: உங்க சித்திதான் பேஜாரு. ஒரு மெசேஜ் உள்ள போனா நாப்பதா வெளிய வருது. மத்தவங்க மெசேஜ் பெட்டியெல்லாம் ரொம்பி வழியுது.

கலைமதி: சித்திய சரியாத்தான் எழுதியிருக்க. எங்கப்பா?

ரிஷப்: வாங்கிக்கிறாரு. பதிலே இல்ல. ஒரு ஆக்டர் பதில் சொல்லலன்னா, அது செத்துப்போச்சா, இல்ல சும்மா லேட் பண்ணுதான்னு வெளியிலேர்ந்து கண்டுபிடிக்கவே முடியாது. பாடத்துலயே இருக்கு.

கலைமதி: எங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதத்தான் சொல்லிக்கினு இருக்கு. சரி, உங்கம்மா?

ரிஷப்: உங்க வீட்டு கருவாட்டுக் கொழம்பப் பத்தி ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிப் பாத்தேன். எங்க ஜைன வீடு தாங்கல. லேப்டாப்பே ஆஃப் ஆயிடுச்சு.

கலைமதி: சார்ஜ் போட்டிருந்தியா?

ரிஷப்: ...அது வேற விஷயம்.

கலைமதி: யோவ், வெளையாட்டு போதும். நாளைக்குக் காலைல திருக்கோவிலூர்லேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. அம்மா புடவையே எடுத்து வெச்சிடுச்சு. இன்னிக்கி சொல்லலன்னா முடிஞ்சுது.

ரிஷப்: சொல்லிடலாம். ஆனா ஒரே நேரத்துல. நான் மட்டும் சொல்லி, நீ கடைசி நிமிஷத்துல பின்வாங்கிட்டா?

கலைமதி: நான் மட்டும் சொல்லி, நீ கம்முனு இருந்துட்டா? "பையன் வீட்ல தெரியுமா"ன்னுதான் எங்கப்பா மொதல்ல கேப்பாரு. தெரியாதுன்னா, நேரா திருக்கோவிலூருதான்.

ரிஷப்: அதுக்குத்தான் உறுதி மெசேஜ். "சொல்லப் போறேன்"னு நான் அனுப்புவேன். "வந்துச்சு"ன்னு நீ அனுப்பணும்.

கலைமதி: என் "வந்துச்சு" உனக்கு வந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?

ரிஷப்: "வந்துச்சு வந்துச்சு"ன்னு நான் அனுப்புவேன்.

கலைமதி: அது எனக்கு வந்துச்சான்னு உனக்கு?

ரிஷப்: நீ "வந்துச்சு வந்துச்சு வந்துச்சு"ன்னு...

கலைமதி: பேய் ஓட்டுற மாதிரி இருக்கு. இதுக்கு முடிவே இல்லியா?

ரிஷப்: இல்ல. முடிவே இல்லன்னு பெரிய பெரிய ஆளுங்க நிரூபிச்சே வெச்சிருக்காங்க.

கலைமதி: அப்ப இன்னாதான் வழி?

ரிஷப்: நம்பிக்கைதான்.

கலைமதி: அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறது! ஒரு வாரக் கரண்டாவது மிச்சமாயிருக்கும். இப்ப எங்க இருக்க?

ரிஷப்: வீட்டு மொட்ட மாடில. அப்பா கீழ சாப்புட்டுக்கினு இருக்காரு. இருட்டினா எங்க வீட்ல சாப்புட மாட்டாங்களே. நீ?

கலைமதி: மாட்டுக் கொட்டாய்ல. அப்பா வைக்கோல் போட்டுக்கினு இருக்காரு.

ஒரு குரல்: பாண்டி, பாண்டி, பாண்டி! ஏறு ஏறு!

ரிஷப்: உங்க மாடு "பாண்டி பாண்டி"ன்னு கத்துது?

கலைமதி: அது... புது மாடு. பாண்டிப் பக்கம் வாங்குனது. உன் மொட்ட மாடிலயும் அதேதான கத்துச்சு?

ரிஷப்: எதிரொலி. நெட்வொர்க்ல வரும்.

கலைமதி: மணி ஆறு. வெச்சுடறேன். சொல்லிட்டு ஜல்தி கூப்புடு.

ரிஷப்: நம்பலாம் இல்ல?

கலைமதி: நம்பு. நான் நம்பல?

*

ரிஷப்: ஹலோ! கலை! சொல்லிட்டேன்!

கலைமதி: நானும் சொல்லிட்டேன்! எங்கப்பா அருவாள எடுத்துட்டாரு!

ரிஷப்: எங்கப்பா தட்டத் தூக்கி அடிச்சாரு. செவுரெல்லாம் சாம்பாரு. அம்மா மயங்கி விழுந்துடுச்சு!

கலைமதி: எங்கம்மா ரெண்டு வாட்டி விழுந்துடுச்சு!

ரிஷப்: அனுஷா அக்கா ஆரணிலேர்ந்து அழுதுக்கினே பஸ் ஏறிடுச்சு!

கலைமதி: எங்க பெரியப்பா வந்துட்டாரு, பங்காளிங்க வந்துட்டாங்க...

ரிஷப்: சித்தி?

கலைமதி: சித்தியா? சித்தி... ஒண்ணுமே பேசல.

ரிஷப்: உங்க சித்தி. ஒண்ணுமே பேசல.

கலைமதி: அதிர்ச்சில இருக்குமா இருக்கும்.

ரிஷப்: கலை, நீ நெஜமாத்தான் சொன்னியா?

கலைமதி: நீ சொன்னியா? போன வெச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆவல. அதுக்குள்ள தட்டு பறந்து, சாம்பார் ஒழுகி, ஆரணி அக்கா பஸ்ஸே புடிச்சிடுச்சாம்.

ரிஷப்: எங்க வீட்ல எல்லாம் வேகம். நீ வீட்லதான இருக்க?

கலைமதி: சத்தியமா. நீ?

ரிஷப்: சத்தியமா.

டீக்கடைக்காரர்: ஏம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. தட்டிக்கு அந்தாண்ட ஒரு தம்பி கீது, அதுவும் இப்டித்தான் தட்டு, சாம்பாருன்னு போன்ல கத்திக்கினு கீது. கடைல மத்த ஜனம் டீ குடிக்க வேணாமா? அந்தத் தம்பி டீ ஆறிப்போயி ஆடையே கட்டிக்கிச்சு.

ரிஷப்: ...கலை.

கலைமதி: ...ம்.

ரிஷப்: இது கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப் டீக்கடை.

கலைமதி: தெரியும்.

ரிஷப்: நீ இங்க இன்னா பண்ற?

கலைமதி: நீ சொல்றியா இல்லியான்னு எட்டிப் பாக்க திண்டிவனம் வந்துக்கினு இருந்தேன். பாதில பயம் வந்துடுச்சு. எறங்கிட்டேன். நீ?

ரிஷப்: நீ சொல்றியான்னு பாக்க விழுப்புரம் போய்க்கினு இருந்தேன்.

கலைமதி: பாதில?

ரிஷப்: பாதில.

டீக்கடைக்காரர்: போன வெச்சுட்டுப் பேசுங்க. நடுவுல ஒரு தென்னந்தட்டிதான் கீது.

ரிஷப்: ஆனா ஒண்ணு கவனிச்சியா கலை? ரெண்டு ஊர்லயும், ஒரே நேரத்துல, அச்சு பிசகாம ஒண்ணுமே நடக்கல. ரெண்டு பக்கமும் அப்படியே ஒத்துப்போவுது. சிஸ்டம் வேலை செய்யுது!

கலைமதி: திருக்கோவிலூர்க்காரங்க காலைல ஒம்போது மணிக்கு வர்றாங்க.